அசிடாபுலம் முறிவுக்கு சரியான பேர் வைக்க பழகுறது எப்படி?

கேள்வி இதுதான், கேட்டவர் எம்எஸ் ஆர்த்தோ மூணாவது வருஷம்: "அசிடாபுலம் எக்ஸ்ரே பாக்கும்போது நான் ஒரு பேர் சொல்றேன், சீனியர் வேற பேர் சொல்றார், சிடி வந்தா சீஃப் மூணாவதா ஒண்ணு சொல்றார். ஜூடே-லெட்டூர்னெல் பத்து வகையும் மனப்பாடமா தெரியும், ஆனா படத்துல பிடிபடல. தப்பு என் மேலயா, வகைப்பாட்டு மேலயா? இதை சரி பண்ண வழி இருக்கா?"

ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு தம்பி. ஆனா உங்க பங்கை இன்னிக்கே சரி பண்ணிக்கலாம், வகைப்பாட்டோட பங்கை யாரும் இன்னும் முழுசா சரி பண்ணல. கொஞ்சம் நீளமா எழுதறேன், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு ஆறுதல். இந்த முறிவே அபூர்வம். எடின்பரோல எடுத்த ஒரு கணக்குல வருஷத்துக்கு லட்சம் பேர்ல 3 பேருக்குத்தான் வருது. கைல ரேடியஸ் முறிஞ்சவன் தினம் நாலு பேர் வர்ற காஷுவாலிட்டில இது மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ, அதுலயும் நீங்க டூட்டில இல்லாத அன்னிக்கு வரும். கண்ணு பழகறதுக்கு எண்ணிக்கையே பத்தாது. அதனால "நிறைய பாத்தா தானா வந்துடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நிறைய பாக்கறதுக்கு அவ்வளவு கேஸ் கிடையாது, வேற வழியாத்தான் பழகணும்.

ஆர்த்தோ இல்லாதவங்களும் படிப்பாங்கன்னு ரெண்டு வரி. இடுப்பு மூட்டு ஒரு பந்து, ஒரு கிண்ணம். பந்து தொடை எலும்போட தலை, கிண்ணம்தான் அசிடாபுலம். இந்த கிண்ணத்தை இலியம், இஸ்கியம், பியூபிஸ்னு மூணு எலும்பு சேர்ந்து பண்ணியிருக்குன்னு அனாட்டமில சொல்லித் தருவாங்க, அறுவை பண்றவனுக்கு அது உதவாது. உண்டிவில் கவட்டை பாத்திருப்பீங்க, அதை தலைகீழா பிடிங்க. பிடி மேல, ரெண்டு கொம்பும் கீழ. பிடி போய் சேக்ரத்தோட, அதாவது முதுகெலும்போட அடிப்பகுதியோட சேருது. முன் பக்க கொம்பு நீளம், பின் பக்கம் குட்டை. அந்த ரெண்டு கொம்புக்கு நடுவுல இருக்கற கவட்டைல கிண்ணம் உக்காந்திருக்கு. அந்த கொம்புகளைத்தான் காலம்னு சொல்றோம், தமிழ்ல காலம்னு எழுதினா நேரம்னு படிச்சிடுவீங்க, அதனால இனிமே முன் தூண், பின் தூண்னே எழுதறேன். கிண்ணத்தோட விளிம்பு முன் சுவர், பின் சுவர். தலைக்கு மேல எடை தாங்குற பகுதி கூரை.

இப்படி பாக்கக் கத்துக் கொடுத்தவங்க பாரீஸ்ல ராபர்ட் ஜூடே, ழான் ஜூடே அண்ணன் தம்பியும் எமில் லெட்டூர்னெலும். 1964ல வந்த அவங்க கட்டுரைதான் இன்னிக்கும் அடித்தளம். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் டிராக்‌ஷன் போட்டு படுக்க வெச்சிடுவாங்க, ஏன்னா எந்த பக்கமா உள்ள போறதுன்னே தெளிவில்ல. இவங்க முறிவுகளை அஞ்சு எளிய வகை, அஞ்சு கூட்டு வகைன்னு பிரிச்சாங்க. எளியது: பின் சுவர், பின் தூண், முன் சுவர், முன் தூண், டிரான்ஸ்வர்ஸ், அதாவது ரெண்டு தூணையும் குறுக்க வெட்டற முறிவு. கூட்டு: பின் தூணும் பின் சுவரும், டிரான்ஸ்வர்ஸும் பின் சுவரும், டி-ஷேப் (டிரான்ஸ்வர்ஸோட கீழ் பாதியும் நடுவுல பிளந்தது), முன் தூணோட பின் பக்கம் ஹெமிடிரான்ஸ்வர்ஸ் (பின் தூணை மட்டும் குறுக்க வெட்டற பாதி டிரான்ஸ்வர்ஸ்), கடைசியா போத் காலம் என்கிற ரெண்டு தூண் முறிவு. லெட்டூர்னெல் பிற்பாடு 940 முறிவு வரைக்கும் சேர்த்து புத்தகமா போட்டார், அதே பத்து வகைதான்.

இந்த பேர் எதுக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். வைவால மார்க் வாங்கறதுக்கு வெச்ச பேர் கிடையாது இது. எந்தப் பக்கமா கத்தி வைக்கிறதுங்கறதுக்கான விலாசம். பின் சுவர், பின் தூண்னா ஆளை கவுத்தோ சாய்ச்சோ போட்டு கோஹர்-லாங்கன்பெக்ங்கற பின் பக்க வழி. முன் தூண், ரெண்டு தூண்னா மல்லாக்க போட்டு இலியோஇங்குவினலோ, இப்ப நிறைய பேர் பண்ற ஸ்டோப்பா வழியோ. ரெண்டு பக்கமும் ஒரே கீறல்ல பாக்கற மாதிரி நல்ல வழி கிடையாது, எக்ஸ்டெண்டட் இலியோஃபெமோரல்னு ஒண்ணு இருக்கு, தசையை அவ்வளவு உரிக்கணும், அதனால வேண்டாத எலும்பு வளர்றதும் இன்ஃபெக்‌ஷனும் வரும்னு பயந்து எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. ஆக பேர் தப்பானா ஆளை படுக்க வைக்கிறதுலயே தப்பு ஆரம்பிக்குது.

என் கதை ஒண்ணு சொல்றேன். எம்எஸ் முடிச்சு ரெண்டு மூணு வருஷம் இருக்கும், ஒரு ஆஸ்பத்திரில வேலை. சாரத்துலருந்து விழுந்த பெயிண்டர் ஒருத்தர், முப்பத்தஞ்சு வயசுக்குள்ள. ஏபி எக்ஸ்ரேல, அதாவது நேரா எடுக்கற படத்துல, முன் தூணைக் காட்டற கோடும் பின் தூணைக் காட்டற கோடும் ஒடஞ்சிருக்கு, கீழ பியூபிஸும் இஸ்கியமும் சேர்ந்து போடற ஆப்டுரேட்டர் வளையமும் ஒடஞ்சிருக்கு. வலில கத்தறார்னு ஜூடே படம், அதாவது ஆளை சாய்ச்சு எடுக்கற எக்ஸ்ரே, எடுக்கல. சிடி அப்ப தடிமனான ஸ்லைஸ், ஒரே ஷீட்ல இருபது குட்டி படமா பிரிண்ட் போட்டு வரும், வ்யூ பாக்ஸ்ல மாட்டி கண்ணை சுருக்கி பாக்கணும். நான் டி-ஷேப்னு எழுதினேன், ஆளை கவுத்து போட்டு கோஹர் வழியா போனோம். பின் தூண் நல்லா வந்துச்சு, மேல இலியத்தோட வரி வரியா சேர்ந்துச்சு, பிளேட் போட்டாச்சு, எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. சி-ஆர்ம், அதாவது தியேட்டர்லயே எக்ஸ்ரே காட்டற மெஷின், கொண்டு வந்து பாத்தா மூட்டு மட்டும் பொருந்தவே இல்ல. கிண்ணத்தோட கூரை நான் பிளேட் போட்ட எலும்புல இல்லவே இல்ல, அது முன் தூண் துண்டோட சேர்ந்து தனியா உள்பக்கமா போயிருக்கு. அதாவது அது ரெண்டு தூண் முறிவு. மூடி, சில நாள் கழிச்சு மல்லாக்க போட்டு முன் பக்கமா போனோம், நான் பின்னாடி போட்ட ஸ்க்ரூ ஒண்ணே முன் துண்டை சேர விடாம மறிச்சுட்டு நின்னுச்சு. மூட்டுப் பரப்புல மூணு மில்லிமீட்டர் மேடு பள்ளம் விட்டுட்டுத்தான் வெளிய வந்தோம். அவருக்கு பிற்பாடு மூட்டு மாத்த வேண்டி வந்துச்சு.

அப்புறம் அந்த முதல் எக்ஸ்ரேயை எடுத்து பாத்தேன். படம் மேல் பக்கம் வெட்டியிருக்கு. இலியாக் கிரெஸ்ட்டே, அதாவது இடுப்பெலும்போட மேல் விளிம்பே, படத்துல இல்ல. அங்கதான் முன் தூண் முறிவோட கோடு ஏறிப் போயிருந்திருக்கு. முழு இடுப்பும் விழாத படத்தை வெச்சு நான் பேர் வெச்சிருக்கேன்.

சரி, இது என் ஒருத்தன் கதை. இதை முறையா அளந்தவங்களும் இருக்காங்க. 2003ல பொலே, டோரி, மேட்டா மூணு பேரும் போட்ட கட்டுரை. 30 முறிவோட படங்களை மூணு குழு சர்ஜன்கள்ட்ட கொடுத்து தனித்தனியா பேர் வைக்க சொன்னாங்க. ஒருத்தர் சொன்னதும் இன்னொருத்தர் சொன்னதும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு கப்பான்னு ஒரு எண்ணால அளப்பாங்க, 1 வந்தா முழு ஒப்பு, 0 வந்தா சீட்டு குலுக்கிப் போட்டு எடுத்த மாதிரி. லெட்டூர்னெல்கிட்டயே நேரா கத்துக்கிட்டவங்களுக்கு 0.7க்கு மேல. அவர்கிட்ட கத்துக்காட்டியும் இந்த முறிவை விடாம பண்றவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. எப்பயாவது பண்றவங்களுக்கு 0.5 பக்கம் இறங்கிடுச்சு. இதுல எனக்கு சுவாரஸ்யமா பட்டது வேற: சிடி சேர்த்து கொடுத்தும் எண் பெருசா ஏறல. எக்ஸ்ரே படிக்கத் தெரியாதவன் கைல சிடியை கொடுத்தா குழப்பம்தான் கூடுது, ஸ்லைஸ் அதிகமாகுது, தலைக்குள்ள உருவம் சேர மாட்டேங்குது. என் அந்த இருபது குட்டி படம் ஞாபகம் வந்துச்சு.

அப்ப என்ன பண்ணணும். நான் என் பசங்களுக்கு போட்டிருக்கற முதல் ரூல், படத்தை பாத்ததும் பேர் சொல்லக் கூடாது. பேர் வாய்ல வந்துட்டா கண்ணு அதுக்கு சாட்சி தேட ஆரம்பிச்சிடும், எதிர் சாட்சியை விட்டுடும். அதுக்கு பதிலா ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி கேள்விகளை ஒரே வரிசைல கேட்டுட்டே வரணும், கடைசில பேர் தானா மிஞ்சும். இது என் கண்டுபிடிப்பு இல்ல, 2011ல அமெரிக்காவுல ரெசிடெண்டுகளை வெச்சே இந்த மாதிரி படிப்படியான வழிமுறையை சோதிச்சு பாத்திருக்காங்க, வழிமுறை கைல இருந்தப்ப அவங்க சரியா பேர் வைக்கிறது கூடுச்சு.

என் வரிசை இப்படி போகும். முதல்ல படம் முழுசா இருக்கா, ரெண்டு கிரெஸ்ட்டும் தெரியுதா, இல்லன்னா திருப்பி அனுப்பு. அப்புறம் ஏபி படத்துல ஒரு க்ளாஸ் மார்க்கரோ ஸ்க்ரீன்ல பென் டூலோ எடுத்து கோடு போடு, மனசுக்குள்ள இல்ல, நிஜமா போடு. நல்ல பக்கம் முதல்ல. இலியோபெக்டினியல் கோடு முன் தூணுக்கு, இலியோஇஸ்கியல் கோடு பின் தூணுக்கு, அப்புறம் கூரை, முன் விளிம்பு, பின் விளிம்பு, கிண்ணத்துக்கு அடில கண்ணீர்த் துளி மாதிரி தெரியற டியர்டிராப். நல்ல பக்கம் போட்ட கோடு மாதிரியே அடிபட்ட பக்கம் போட்டுட்டு வரும்போது பேனா எங்க தடுக்குதோ அங்க முறிவு.

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழற இடம். இலியோபெக்டினியலும் ஒடஞ்சிருக்கு, இலியோஇஸ்கியலும் ஒடஞ்சிருக்கு, அதனால ரெண்டு தூண் முறிவுன்னு சொல்லிடுவீங்க. பேர் அப்படி இருக்கறதுதான் வினை. டிரான்ஸ்வர்ஸ்லயும் ரெண்டு கோடும் ஒடையும், டி-ஷேப்லயும் ஒடையும், டிரான்ஸ்வர்ஸ் கூட பின் சுவர், முன் தூண் கூட ஹெமிடிரான்ஸ்வர்ஸ், எல்லாத்துலயும் ஒடையும். அஞ்சு வகைல ரெண்டு தூணும் அடிபடுது, அதுல ஒண்ணுக்கு மட்டும் போத் காலம்னு பேர். இவ்வளவு மோசமா யாரும் பேர் வெச்சிருக்க முடியாது, ஆனா அறுபது வருஷமா அதையே சொல்லிட்டிருக்கோம், இனி மாத்த முடியாது.

அதனால அடுத்த கேள்வி, ஆப்டுரேட்டர் வளையம் ஒடஞ்சிருக்கா? டிரான்ஸ்வர்ஸ்னா கவட்டையை குறுக்க அறுத்த மாதிரி, கீழ் பாதி ஒரே துண்டா இருக்கும், வளையம் முழுசா இருக்கும். வளையமும் ஒடஞ்சிருந்தா அந்த கீழ் பாதி நடுவுல பிளந்திருக்கு, அது டி. முன் தூண் பின் தூண் முறிவுகள்லயும் வளையம் ஒடையும். டி-யோட செங்குத்து கோடு சில சமயம் வளையத்தை விட்டு பின்னால இஸ்கியம் வழியா இறங்கும், அது ஏமாத்தும், சிடில பாத்துக்கணும்.

மூணாவது, இலியாக் விங்ல, அதாவது மூட்டுக்கு மேல இருக்கற அகலமான எலும்புல கோடு ஏறியிருக்கா? ஏறியிருந்தா டிரான்ஸ்வர்ஸும் டி-யும் அங்கயே அவுட். மிச்சம் முன் தூண், முன் தூண் கூட ஹெமிடிரான்ஸ்வர்ஸ், ரெண்டு தூண். என் பெயிண்டர் கேஸ்ல இந்த ஒரு கேள்வியை கேட்டிருந்தா போதும்.

நாலாவதுதான் தீர்ப்பு. கிண்ணத்தோட வழவழப்பான பகுதில ஒரு துளியாவது, சேக்ரத்தோட ஒட்டிட்டு இருக்கற இலியத்துல மிச்சம் இருக்கா? தலைகீழ் கவட்டையோட பிடில கிண்ணம் கொஞ்சமாவது ஒட்டியிருக்கா? எதுவுமே இல்லன்னா, மூட்டு மொத்தமும் உடம்புலருந்து கழண்டு மிதக்குதுன்னா, அது ரெண்டு தூண். ஒரு விரல்கடை கூரை ஒட்டிட்டு இருந்தாலும் அது ரெண்டு தூண் கிடையாது. ஜூடே படம் ரெண்டுல ஒண்ணான ஆப்டுரேட்டர் ஆப்ளிக் படத்துல ஸ்பர் சைன்னு ஒண்ணு சொல்லுவாங்க, மூட்டுத் துண்டுகள் எல்லாம் தலையோட சேர்ந்து உள்பக்கம் போயிட்டதால நல்ல இலியத்தோட கீழ் முனை மட்டும் கத்தி மாதிரி நீட்டிட்டு நிக்கும். அதை ஒரு தடவை பாத்துட்டா மறக்காது. அன்னிக்கு அந்த ஒரு படம் எடுத்திருந்தா அந்தக் கத்தி எனக்கும் தெரிஞ்சிருக்கும், வலிக்கு ஊசி போட்டு பத்து நிமிஷம் காத்திருந்தா போதும்.

கடைசி கேள்வி, பின் சுவர் துண்டு தனியா இருக்கா? இதை கடைசிலதான் கேக்கணும்னு நான் சொல்றதுக்கு காரணம், பின் சுவர் கண்ணுல பளிச்சுனு அடிக்கும், கார்ல முன் சீட்டுல இருந்தவர், முழங்கால் டேஷ்போர்டுல மோதி தலை பின்னால நழுவியிருக்கு, பெரிய துண்டு ஒண்ணு பறந்திருக்கு, அதை பாத்ததும் பின் சுவர்னு எழுதி ஃபைலை மூடிடுவோம், பின்னாடி ஒளிஞ்சிருக்கற டிரான்ஸ்வர்ஸ் கோடு தப்பிச்சிடும். டிரான்ஸ்வர்ஸும் பின் சுவரும் சேர்ந்து வர்றது ரொம்ப சகஜம், லெட்டூர்னெல் கணக்குலயே அதிகமா வந்த மூணு வகைல அது ஒண்ணு, மத்த ரெண்டு தனி பின் சுவரும் ரெண்டு தூணும். பின் சுவரை பாத்த உடனே இலியோபெக்டினியல் கோட்டுக்கு திரும்பி வாங்க. அது முழுசா இருந்தா முன் பக்கம் பயமில்ல. ஒடஞ்சிருந்தா நீங்க பாத்தது பாதி முறிவுதான்.

ஜூடே படம் ரெண்டையும் பத்தி குழப்பம் இருந்தா இப்படி வெச்சுக்கங்க: அடிபட்ட பக்கத்தை 45 டிகிரி தூக்கினா ஆப்டுரேட்டர் ஆப்ளிக், அதுல முன் தூணும் பின் சுவரும் தெரியும். நல்ல பக்கத்தை தூக்கினா இலியாக் ஆப்ளிக், அதுல பின் தூணும் முன் சுவரும். இப்ப சிடி டேட்டாலருந்தே அதே கோணத்துல எக்ஸ்ரே மாதிரி படம் செஞ்சு எடுக்க முடியும், ஆளை உருட்ட வேண்டாம், உங்க ரேடியாலஜிஸ்ட்கிட்ட கேட்டு பாருங்க, வொர்க்ஸ்டேஷன்ல பண்ற வேலைதான்.

சிடிக்கு வருவோம். உடம்பை குறுக்க வெட்டின ஆக்சியல் ஸ்லைஸ்ல, கூரை மட்டத்துல நின்னு முறிவுக் கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு மட்டும் பாருங்க. ஸ்க்ரீன்ல இடம் வலமா படுத்துட்டு ஓடினா, அதாவது முன் பாதியையும் பின் பாதியையும் பிரிச்சா, அது தூண் முறிவு. மேல கீழா, அதாவது ஆளோட முன்னாலருந்து பின்னால ஓடினா டிரான்ஸ்வர்ஸ் குடும்பம். மூலைல சரிவா ஒரு விளிம்பை மட்டும் வெட்டினா சுவர். படுத்த கோடு தூண், நின்ன கோடு டிரான்ஸ்வர்ஸ். டிரான்ஸ்வர்ஸ்னு பேர் வெச்சுட்டு ஸ்லைஸ்ல நின்னுட்டு ஓடுதேன்னு முதல் தடவை எல்லாருக்கும் தலை சுத்தும். அந்த முறிவோட தளம் சாய்ஞ்சு நிக்குது, அதை படுக்கை வாக்குல வெட்டினா அப்படித்தான் தெரியும், கத்திரிக்காயை எடுத்து சாய்வா ஒரு வெட்டு வெட்டிட்டு குறுக்க ஸ்லைஸ் போட்டு பாருங்க புரியும். விளையாட்டுக்கு சொல்லல, நான் ஹவுஸ் சர்ஜன்களுக்கு கேண்டீன்ல கத்திரிக்காய் வாங்கி காட்டியிருக்கேன்.

3டி சிடி பத்தி ரெண்டு கருத்து இருக்கு. பழகின ஆளுக்கு அது பெருசா எதையும் கூட்டறதில்ல, ஆனா பயிற்சில இருக்கறவங்களுக்கு உதவுதுன்னு 2012ல ஒரு கட்டுரை ரெசிடெண்டுகளை வெச்சு காட்டியிருக்கு, என் அனுபவமும் அதுதான். ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, தொடை எலும்பு தலையை கழிச்சுட்டு கேளுங்க, தலை இருந்தா கிண்ணத்தோட உள்ளே எதுவும் தெரியாது, மூடின பாத்திரத்துல குழம்பு இருக்கான்னு பாக்கற மாதிரி. ரெண்டாவது, 3டி படம் அழகா வழவழன்னு இருக்கும், நகராத மெல்லிய கோடுகளை சாஃப்ட்வேர் பூசி மெழுகிடும். அதனால 3டில இல்லங்கறதுக்காக முறிவு இல்லன்னு அர்த்தமில்ல, ஸ்லைஸ்ல பாத்து உறுதி பண்ணணும்.

இப்ப உங்க கேள்வியோட ரெண்டாவது பாதி, தப்பு வகைப்பாட்டு மேலயா. ஓரளவு ஆமா. பத்து பெட்டி போட்டு வெச்சிருக்கோம், எலும்பு பெட்டி பாத்து ஒடையறதில்ல. டிரான்ஸ்வர்ஸ்ல கீழ் பாதி லேசா விரிசல் விட்டா டி-ன்னு சொல்லலாமா? முன் தூண் கூட ஹெமிடிரான்ஸ்வர்ஸுக்கும் ரெண்டு தூணுக்கும் நடுவுல வித்தியாசம் பின் பக்கம் ஒட்டிட்டு இருக்கற ஒரு துண்டு கூரைதான். லெட்டூர்னெலே இடைப்பட்ட வடிவங்கள் உண்டுன்னு ஒத்துக்கிட்டவர். சண்டை வர்றதும் எப்பவும் இந்த எல்லைகள்லதான், பின் சுவர்ல யாரும் சண்டை போட்டு நான் பாத்ததில்ல. எல்லைல நிக்கற கேஸ்ல பேருக்காக அரை மணி நேரம் வாதாடாம, அந்த ரெண்டு வகைக்கும் பொதுவா எந்த வழியா போகணும்னு பாத்தா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்.

எனக்கு பெரிய குறையா படறது வேற. பேர் சரியா வெச்சாலும் பேருக்குள்ள அடங்காத விஷயங்கள் இருக்கு, கடைசில மூட்டு பொழைக்குமாங்கறதை அதுதான் தீர்மானிக்குது. தலை மோதி கிண்ணத்தோட விளிம்பு உள்ள அமுங்கிப் போயிருக்கா, அதாவது மார்ஜினல் இம்பாக்‌ஷன். அதை தூக்கி நிறுத்தாம மேல சுவரை மூடி பிளேட் போட்டா எக்ஸ்ரே அழகா இருக்கும், மூட்டு கெட்டுடும். கூரையோட உள் பக்கம் அமுங்கியிருக்கா, வயசானவங்க சாதாரணமா நின்ன இடத்துலருந்து பக்கவாட்டுல விழுந்தாலே இது வரும், எக்ஸ்ரேல கடற்பறவை இறக்கை விரிச்ச மாதிரி தெரியும்னு கல் சைன்னு பேர், அது இருந்தா ஃபிக்சேஷன், அதாவது பிளேட் ஸ்க்ரூ போட்டு சேர்க்கறது, தோத்துப்போற வாய்ப்பு அதிகம், நேரா மூட்டு மாத்தறதை பத்தி பேச வேண்டி வரும். குவாட்ரிலேட்டரல் பிளேட்னு உள்சுவர் எலும்பு நொறுங்கியிருக்கா. தலையோட குருத்தெலும்பு சிதைஞ்சிருக்கா. மூட்டுக்குள்ள துண்டு மாட்டியிருக்கா. இது எதுவும் அந்த பத்து பேர்ல இல்ல. 1964ல இருந்த நோயாளிகள்ல இவ்வளவு வயசானவங்க இல்ல, அதுவும் ஒரு காரணம்.

எல்லா எலும்பு முறிவுக்கும் எண் போடற ஏஓ-ஓடிஏ வகைப்பாடு இதை சரி பண்ண பாக்குது, அசிடாபுலத்துக்கு 62ன்னு எண் போட்டு ஏ, பி, சின்னு பிரிச்சு, சின்னா ரெண்டு தூண், கூட இந்த மாதிரி கூடுதல் விவரம் சேர்க்கவும் இடம் வெச்சிருக்கு. ஆனா வார்டு ரவுண்ட்ஸ்ல யாரும் அந்த எண்ணை வாயால சொல்லி நான் கேட்டதில்ல, ரிசர்ச்சுக்கும் ரெஜிஸ்ட்ரிக்கும் சரி. நான் பண்றது எளிமையா, கேஸ் ஷீட்ல லெட்டூர்னெல் பேர் ஒரு வரி, அதுக்கு கீழ ரெண்டாவது வரில இந்த அஞ்சையும் உண்டு இல்லன்னு எழுத சொல்லுவேன். பின் சுவர் மட்டும்னா துண்டோட அளவும். ஆனா அளவை மட்டும் நம்பாதீங்க, சின்ன துண்டா இருந்தும் மூட்டு நழுவற கேஸ் இருக்கு, மயக்கத்துல வெச்சு சி-ஆர்ம் அடியில அசைச்சு பாத்தாதான் தெரியும்.

ஏஐ வந்துடும், அது பேர் வெச்சிடும்னு போன வாரம் ஒரு பையன் சொன்னான். வரட்டும். ஆனா அதுக்கு பாடம் சொல்லிக் கொடுக்கறது சர்ஜன்கள் ஒட்டின லேபிள், அந்த சர்ஜன்களே ஒருத்தருக்கொருத்தர் 0.5ல ஒத்துப்போறவங்களா இருந்தா மெஷின் எதை கத்துக்கும்? லேபிளை அறுவைல திறந்து பாத்ததோட சரிபார்த்து கொடுத்தா ஒருவேளை. முறிவு இருக்கு இல்லன்னு கண்டுபிடிக்கறதுக்கு உதவும், டி-யா ரெண்டு தூணான்னு சொல்றதுக்கு நான் இப்போதைக்கு அதை கேக்க மாட்டேன்.

யூனிட்ல பண்ணக் கூடியது ஒண்ணு இருக்கு, காசு செலவே இல்ல. அசிடாபுலம் கேஸ் வந்தா எல்லாரும் தனித்தனியா சீட்டுல பேர் எழுதி மடிச்சு கொடுக்கணும், சீஃப் உட்பட. சீஃப் முதல்ல வாயை திறந்துட்டா அப்புறம் எல்லாருக்கும் அதே பேர்தான் தெரியும், நம்ம ஊர் வார்டு வழக்கம் தெரியுமே. அறுவை முடிஞ்சதும் ஆபரேஷன் நோட்ஸ்ல உண்மையா இருந்த பேரை எழுதி, சீட்டுகளை பிரிச்சு பாக்கணும். ஒரு வருஷம் பண்ணா யார் எந்த வகைல எதோட குழப்பிக்கறாங்கன்னு தெரிஞ்சிடும். எங்க யூனிட்ல பண்ணினதுல எனக்கு என்னைப் பத்தியே தெரிஞ்சுச்சு, ஹெமிடிரான்ஸ்வர்ஸை நான் பாதி நேரம் டி-ன்னு எழுதியிருக்கேன், இருபது வருஷத்துக்கு அப்புறமும்.

இது எல்லாத்துக்கும் மேல, எலும்பு மாடல் ஒண்ணு வாங்குங்க, பாதி இடுப்பு போதும், பிளாஸ்டிக். அறுவைக்கு முந்தின நாள் ராத்திரி படங்களை பாத்து முறிவுக் கோடு எல்லாத்தையும் அந்த எலும்பு மேல வரையுங்க, உள் பக்கம், வெளிப் பக்கம், ரெண்டும். லெட்டூர்னெல் தன்கிட்ட கத்துக்கிட்டவங்களை இதைத்தான் பண்ண சொல்லுவார். படத்துல மூணு கோடு தெரியுது, எலும்புல வரையும்போது ஒண்ணு இன்னொண்ணோட சேரவே மாட்டேங்குதுன்னா, நீங்க வெச்ச பேர்ல ஓட்டை இருக்கு, திரும்ப சிடிக்கு போங்க. அந்த பெயிண்டருக்கு நான் வரைஞ்சிருந்தா டி-யோட மேல் கோடு முன் பக்கம் போய் முட்டுச்சந்துல நின்னிருக்கும். 3டி பிரிண்ட் எடுக்கற வசதி இருந்தா அதுவும் நல்லது, பிளேட்டை அதுலயே வளைச்சு வெச்சுக்கலாம், ஆனா பிரிண்ட்ல முறிவு ஏற்கனவே போட்டு வருது, நீங்க வரையல, அதனால கத்துக்கறதுக்கு வெறும் எலும்புதான் மேல்.

மார்க்கர் ஒயிட்போர்டுல எழுதறது வாங்குங்க, அழிச்சு அழிச்சு வரையலாம். என் மேஜை மேல இருக்கற எலும்புல நான் பெர்மனென்ட் மார்க்கர்ல ஒரு ரெண்டு தூண் முறிவை வரைஞ்சுட்டேன், ஸ்பிரிட் போட்டு தேச்சும் போகல, இப்ப அதுக்கு மேலயே பச்சை கலர்ல மத்த முறிவெல்லாம் வரைஞ்சுட்டிருக்கேன்.